தயிர்சாத டப்பாவுக்கு எதுக்கு சோப்பு

கும்மிடிப்பூண்டி
14.7.2025

மதிப்பிற்குரிய ஆராய்ச்சி அலுவலர் அருணா மேடம் அவர்களுக்கு,

சிப்காட் பக்கத்துத் தொழிலாளர் குழந்தைகள் காப்பகத்தின் பொறுப்பாளர் ஏஞ்சல் பணிவுடன் எழுதிக்கொள்வது.

இப்படித்தானே எழுத வேண்டும்? போன வாரம் திருவள்ளூர் கூட்டத்தில் அத்தனை பேர் முன்னாலும் "மேடம், நீங்க எந்த சென்டர்?" என்று என்னைப் பார்த்துக் கேட்டாயே. நான் எந்த சென்டர் என்று உனக்குத் தெரியாதா? செவ்வாப்பேட்டை ஸ்டேஷனில் ஒரே சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்து சோறு தின்ற ஏஞ்சல் சென்டர்!

அன்றைக்கு இரவே உன் நம்பரை பிளாக் பண்ணிவிட்டேன். உன் குரலைக் கேட்டால் அழுதுவிடுவேன், இல்லை திட்டிவிடுவேன். இரண்டும் வேண்டாம் என்றுதான் பேப்பரில் எழுதுகிறேன்.

திரையில் நீ போட்டுக் காட்டிய படம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. எங்கள் காப்பகத்தின் பேருக்கு எதிரே இத்தனூண்டு சிவப்புக் கட்டை. "பயன்பாடு மிகக் குறைவு. அங்கன்வாடியோடு இணைத்துவிடலாம்." அங்கன்வாடி மத்தியானத்துக்கு மேல் பூட்டிவிடும். அம்மாக்களைக் கம்பெனி வேன் வந்து இறக்கிவிடும்போது பொழுது சாய்ந்திருக்கும். நடுவில் அந்தக் குழந்தைகள் எங்கே போகும், லாரி ஓடுகிற ரோட்டிலா?

உன் ஆட்கள் டேப்லட்டைத் தூக்கிக்கொண்டு வந்து தெருத்தெருவாகக் கேட்டார்கள். காப்பகத்துக்குள் ஒரு நிமிஷம் எட்டிப் பார்த்தார்கள். தொட்டிலில் தூங்கின பிள்ளைகளை அவர்கள் பார்க்கவில்லையா? நான் எழுதுகிற வருகைப் பதிவை ஏன் ஒதுக்கினீர்கள்?

எங்கள் அம்மா கங்கம்மாதான் இங்கே சமையல் என்பது உனக்குத் தெரியும். காப்பகத்தை மூடிவிட்டால் அந்த மனுஷி சும்மா உட்கார்ந்தே செத்துப்போகும். கூட்டம் முடிந்து வந்ததும், "அருணா எப்படிம்மா கீது, ஒடம்பு கொஞ்சம் பூசினாப்பல கீதா?" என்று கேட்டது. நல்லாத்தான் இருக்கா என்றேன்.

அந்த ரிப்போர்ட்டை மாற்று. இதைக் கேட்க எனக்கு உரிமை உண்டு.

இப்படிக்கு,
ஏஞ்சல் (நீங்க எந்த சென்டர்?)


திருவள்ளூர்
21.7.2025

அன்புள்ள ஏஞ்சல்,

கோபத்திலும் உன் கையெழுத்து மாறவில்லை. கவரைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ஆபீசில் பிரிக்கத் தைரியமில்லாமல் வீட்டுக்குக் கொண்டுவந்து, அம்மா சீரியல் பார்க்கிற நேரத்தில் படித்தேன்.

உன்னை "மேடம்" என்றது வேண்டுமென்றேதான். பக்கத்தில் துளசிராமன் சார் இருந்தார், அவர்தான் எங்கள் பிரிவின் தலைவர். நீயும் நானும் ஒரே டப்பாவில் தின்றவர்கள் என்று தெரிந்தால் அந்த ரிப்போர்ட்டை எவனும் நம்ப மாட்டான். அந்த ஒரு நிமிஷத்தில் எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை. உன் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். அன்றைக்கு மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

பதிவேட்டைப் பற்றிக் கேட்டாய். வேறு ஊர்களில் வராத குழந்தைகளை வந்ததாக எழுதிவைத்திருந்தார்கள். அதனால் பொறுப்பாளர் எழுதினதை எடுப்பதில்லை, வீடுகளில் சொல்வதைத்தான் எடுப்பது என்று விதி. உனக்காகப் போட்ட விதி இல்லை, ஆனால் உன் தலையிலும் விழுந்துவிட்டது. உங்கள் ஊரில் வீடு வீடாகக் கேட்டபோது பெரும்பாலானவர்கள், "எங்க ஊட்டுப் புள்ள எங்க ஊட்லதான் வளருது" என்றார்கள். அப்படிச் சொன்னதை நான் எப்படி மாற்றி எழுதுவேன்?

ரிப்போர்ட்டை மாற்றச் சொல்லாதே. உனக்காக ஒரு வரியை மாற்றினால், நாளைக்கு வேறு எவனுக்காகவோ ஒரு பக்கத்தை மாற்றச் சொல்வார்கள், அப்போது மாட்டேன் என்று சொல்ல வாய் வராது. நாம் கழிப்பறை சர்வே எடுத்த வருஷம் நினைவிருக்கிறதா? தகரம் காய்கிற வெயிலில் செவ்வாப்பேட்டையைச் சுற்றி ஊர் ஊராக நடந்தோம். நாம் எழுதியதை மேலே யாரோ படித்தார்கள். அடுத்த சுற்றில் கட்டின கழிப்பறைகளுக்கெல்லாம் தண்ணீர்க் குழாய் வந்தது. அந்தக் குழாயைப் பார்த்த அன்றைக்குத்தான் நான் பரீட்சை எழுதி இந்த வேலைக்கு வருவது என்று முடிவு பண்ணினேன். அந்த நம்பிக்கையை மட்டும் என்னிடமிருந்து பிடுங்காதே.

ஆனால் தொட்டிலில் பிள்ளைகள் தூங்குகின்றன என்கிறாய். நீ பொய் எழுத மாட்டாய், அதுவும் எனக்குத் தெரியும். அப்படியென்றால் வீடுகளில் ஏன் அப்படிச் சொன்னார்கள்? எனக்குப் புரியவில்லை. உனக்குப் புரிந்தால் எழுது.

போனில் வேண்டாம், கடிதமே இருக்கட்டும். துளசிராமன் சார் படித்தாலும் பரவாயில்லை என்கிற மாதிரி எழுது.

அருணா

கங்கம்மா அம்மாவிடம் நான் இளைத்துவிட்டேன் என்று சொல். சந்தோஷமாகத் திட்டட்டும்.


கும்மிடிப்பூண்டி
26.7.2025

அருணா,

துளசிராமன் சார் படித்தாலும் பரவாயில்லை என்கிறாய். சார், வணக்கம். நீங்களும் படியுங்கள்.

ஏன் அப்படிச் சொன்னார்கள் என்று ஆர்.கே.பேட்டை கிராமத்தில் பிறந்தவள் என்னிடம் கேட்கிறாள்! சொல்கிறேன், கேள்.

எங்கள் தெருவுக்குப் பின்னால் தமிழ்செல்வி என்று ஒரு பெண். நெல் நிலம் உள்ள வீட்டு மருமகள். நிலம் இருக்கிறது, அதை நம்பி இப்போது யார் இருக்கிறார்கள்? அவள் கம்பெனிக்குப் போகிறாள். அவள் பிள்ளை ஒரு நாள் தவறாமல் காப்பகத்துக்கு வருகிறது, எங்கள் அம்மா பிசைந்து கொடுக்கிற பருப்புச்சாதத்தைத் தின்றுவிட்டு அம்மா மடியிலேயே தூங்குகிறது. உன் ஆள் போய்க் கேட்டபோது வீட்டில் இருந்தது அவள் மாமியார். "கங்கம்மா கையால ஆக்கினத எம்பேரன் தின்றான்" என்று அந்த அம்மா வாயால் சொல்லுமா? அவர்கள் வயலில் களை எடுத்த கை அது. செத்தாலும் சொல்லாது. அந்த ஒரு வீடு மட்டும் இல்லை, அந்தத் தெரு முழுக்க அப்படித்தான். எங்கள் ஜனங்கள் தெருவில் வேறு மாதிரி. பிள்ளையை வளர்க்கத் துப்பில்லாமல் கவர்மென்ட்டில் விட்டுவிட்டார்கள் என்று பேர் வருமே, அதனால் அவர்களும் சொல்லவில்லை.

இது உனக்குத் தெரியாதா? கழிப்பறை சர்வே வருஷம் நீ தயிர்சாதம் கட்டிக்கொண்டு வருவாய், நான் எங்கள் அம்மா வைத்த கத்திரிக்காய்க் காரக்குழம்பு கொண்டுவருவேன். முதல் நாளே சோற்றை மாற்றிக் கொட்டிக்கொண்டோம். அன்றிலிருந்து சர்வே முடிகிற வரைக்கும் உன் டப்பாவில் எங்கள் குழம்புச் சோறு, என் டப்பாவில் உங்கள் தயிர்சாதம். சாயங்காலம் ரயில் ஏறுமுன் பிளாட்பாரக் குழாயில் உன் டப்பாவைச் சோப்புப் போட்டுத் தேய்ப்பாயே, அந்தத் தேய்ப்பு! எவர்சில்வர் தேய்ந்து ஓட்டை விழப்போகிறது என்று நான் கிண்டல் பண்ணுவேன். யாராவது டேப்லட்டோடு போய் ஈஸ்வரி அம்மாவிடம் "உங்க பொண்ணு வெளியில சாப்பிடுமா?" என்று கேட்டிருந்தால் உன் அம்மா என்ன சொல்லியிருப்பார்கள்? "எம்பொண்ணு வெளில பச்சத் தண்ணி தொடாது." அதையும் நீ ரிப்போர்ட்டில் ஏற்றியிருப்பாய்.

உங்கள் வீட்டு மாங்காய் ஊறுகாயின் ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது. முதலில் ஓரத்தில் ஒரு துளிதான் வரும். போகப் போகப் பெரிய பெரிய துண்டாக வந்தது. உனக்கோ ஊறுகாயே ஆகாது. பிறகு ஏன் வைத்தார்களோ! கர்த்தர் எனக்காக வைக்கச் சொன்னார் போல.

கழிப்பறை சர்வேயைப் பற்றி நீயே எடுத்தாய், அதனால் கேட்கிறேன். எல்லா வீட்டிலும் "கழிப்பறை பயன்படுத்துறீங்களா?" என்றால் "ஆமாங்க" என்றுதான் சொன்னார்கள். அரசாங்கம் கட்டிக் கொடுத்ததை இல்லை என்றால் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று பயம். ஒருநாள் மழை பிடித்துக்கொண்டது. நீ ஒரு தாழ்வாரத்தில் ஒதுங்கி நின்று, சர்வேயும் இல்லை கிர்வேயும் இல்லை, சும்மா பேச்சுக்கு, "மழை வந்தா வெறகெல்லாம் எங்கம்மா வெப்பீங்க?" என்றாய். அந்தம்மா சட்டென்று, "அதான் கவர்மென்ட்டு கக்கூஸ் கீதே" என்றது. அதற்குப் பிறகு எந்த வீட்டிலும் நாம் நேராகக் கேட்கவே இல்லை. விறகைத்தான் கேட்டோம்.

அந்த அருணா எங்கே போனாள் என்றுதான் எனக்கு வருத்தம்.

ஏஞ்சல்


திருவள்ளூர்
4.8.2025

அன்புள்ள ஏஞ்சல்,

விறகைப் படித்ததும் ஆபீஸ் என்றுகூடப் பார்க்காமல் சிரித்துவிட்டேன். அந்தத் தாழ்வாரமும், நனைந்த ஆடும், நீ தாவணியைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றதும் எல்லாம் அப்படியே வந்து நின்றன. சிரித்து முடித்த பிறகு வெட்கமாக இருந்தது. உங்கள் ஊருக்கான கேள்விகளில் நான் கையெழுத்துப் போட்டவள். பிள்ளை காப்பகத்துக்குப் போகிறதா என்று நேராகக் கேட்கிற கேள்விதான். பன்னிரண்டு நிமிஷத்தில் ஒரு வீட்டை முடிக்க வேண்டும் என்றார்கள், நானும் சரி என்றேன். மழை வருகிற வரைக்கும் நிற்க அதில் இடமில்லை.

போன வாரமே துளசிராமன் சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உன் கடிதத்தையும் கொடுத்தேன். அவர் பொறுமையாகப் படித்தார். "சார், வணக்கம்" என்ற இடத்தில் மட்டும் மூக்குக்கண்ணாடியைச் சரிபண்ணிக்கொண்டார். பிறகு, "தோழின்னு முன்னாடியே சொல்லியிருக்கணும்மா. கும்மிடிப்பூண்டிய இனிமே நீ தொடாத" என்றார்.

ஆக, உங்கள் காப்பகம் இனி என் கையில் இல்லை. கை கழுவிவிட்டேன் என்று நினைக்காதே. ஃபைலைக் கொடுக்குமுன் மறுபடி கேட்க வேண்டும் என்பதற்குக் காரணங்களையும், கேட்கவேண்டிய ஒரு கேள்வியையும் எழுதிக் கொடுத்தேன். ஆபீசில் சிலர் முணுமுணுத்தார்கள். ஒரு முறை வந்த முடிவை மறுபடி கேட்டால் மற்ற ஊர்க்காரர்களும் கேட்பார்களே என்றார்கள். கேட்கட்டுமே என்றார் சார். அனுமதி வந்துவிட்டது. வேறு ஆட்கள் வருவார்கள், உங்கள் ஊருக்கு மட்டும் இல்லை, இணைக்கச் சொன்ன எல்லா ஊருக்கும்.

கேள்வி என்ன என்று உன்னிடம் சொல்ல மாட்டேன். இதில் உன்னிடம் ஒன்று கேட்கிறேன், நம் பழைய சிநேகத்தின் மேல் கேட்கிறேன். எந்த வீட்டிலும் போய் "இப்படிச் சொல்லுங்க" என்று சொல்லிக்கொடுக்காதே. தமிழ்செல்வியிடமும் வேண்டாம். ஒரு வீட்டில் தெரிந்தாலும் எல்லாம் வீணாகிவிடும். அவர்கள் மறுபடியும் இல்லை என்றால், இல்லைதான். அப்போது மூடுவதை நானும் தடுக்க முடியாது.

எனக்குப் பயமாக இருக்கிறது, ஏஞ்சல்.

அருணா


கும்மிடிப்பூண்டி
24.8.2025

அருணா,

என்னைப் போய்ச் சும்மா இரு என்றாயே! ஊரில் எவரைக் கேட்டாலும் சொல்வார்கள், ஏஞ்சல் வாய்க்கும் கும்மிடிப்பூண்டி லாரி ஹாரனுக்கும் போட்டி வைத்தால் ஏஞ்சல்தான் ஜெயிப்பாள் என்று. ஆனாலும் இருந்தேன். தமிழ்செல்வி பிள்ளையை விட வரும்போதெல்லாம் நாக்கின் நுனி வரைக்கும் வரும். "இன்னாக்கா, பேஜாரா கீறே?" என்று அவளே கேட்டாள். தலைவலி என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன். என் வீட்டுக்காரர் இம்மானுவேலுக்கு ஒரே சந்தோஷம். இந்த ரெண்டு வாரம் மாதிரி ஊடு எப்பவும் நிம்மதியா இருந்ததில்லை என்கிறார்.

எங்கள் அம்மாதான் பாவம். தினமும் பொழுது சாயும்போது வந்து, "நாளைக்குத் தொவரம்பருப்பு எடுத்து வெக்கட்டுமா, வேணாவா?" என்று கேட்கும். நாளைக்கு மூடமாட்டாங்கம்மா என்பேன். "அப்ப நாளான்னிக்கு?" என்று கேட்கும்.

வியாழக்கிழமை உன் ஆபீசிலிருந்து வேறு ஆட்கள் வந்தார்கள். இந்த முறை டேப்லட்டை வெளியில் எடுக்கவே இல்லை. திண்ணையில்லாத வீட்டில் வாசற்படியிலேயே உட்கார்ந்து மோர் வாங்கிக் குடித்தார்கள். நான் காப்பகத்தை விட்டு நகரவில்லை, சத்தியம். ஆனால் தமிழ்செல்வியின் மாமியார் பேசினது நாலு வீட்டுக்குக் கேட்கும், அதற்கு நான் என்ன பண்ண முடியும்?

"இந்தக் காப்பகத்த மூடிட்டா இந்தத் தெருவுல யாருக்கு இன்னா கஷ்டம்?" என்று கேட்டிருக்கிறார்கள். அவ்வளவுதான். உன் புள்ள போகுதா, அங்கே சாப்பிடுதா என்று ஒன்றும் இல்லை. இது உன் கேள்விதான் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. இது விறகு வாசம் அடிக்கிற கேள்வி.

அந்தம்மா எடுத்த எடுப்பிலேயே, "யார் ஊட்டையோ நான் சொல்றேன் நைனா, எங்க ஊட்ட சொல்லல" என்றது. பிறகு மூச்சு விடாமல் சொன்னது. மருமவளுங்க எல்லாம் வேலைக்குப் போய்க்கினு கீதுங்க. மாமியாருங்களுக்கு முட்டி போயிடிச்சி. ஓடுற புள்ளைய யார் புடிக்கறது? ரோட்டப் பாத்தியா, எம்மாம் பெரிய லாரி! மூடினா மருமவள வேலைய வுட்டு நிறுத்தணும், அப்புறம் ஊட்ல அடுப்பு எப்பிடி எரியும்? "அந்தக் கங்கம்மா பொறுமசாலி. புள்ளைங்கள அதட்டாது. அந்த ஏஞ்சலுதான் கத்தினே கீறா." கடைசியில் சொன்னதையும் எழுதிக்கொண்டு போயிருக்கிறார்கள். ரிப்போர்ட்டில் வருமா?

அந்தம்மா "கங்கம்மா பொறுமசாலி" என்றதை எங்கள் அம்மாவிடம் சொன்னேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நாளைக்குப் பருப்பு கொஞ்சம் கூடவே எடுத்து வை என்றது. அந்த வயலில் எத்தனை வருஷம் குனிந்திருக்கும், இப்படி ஒரு வார்த்தை அந்த வீட்டிலிருந்து வந்ததில்லை.

முடிவு எப்போது வரும்? மறுபடி மூடச் சொன்னாலும் உன்மேல் கோபப்பட மாட்டேன். பிளாக்கை எடுத்துவிட்டேன். ஆனாலும் கடிதமே எழுது. போனில் நீ இவ்வளவு பேசமாட்டாய்.

ஏஞ்சல்


திருவள்ளூர்
15.9.2025

அன்புள்ள ஏஞ்சல்,

உத்தரவு கையெழுத்தாகிவிட்டது. உங்கள் காப்பகம் மூடப்படாது. இணைக்கச் சொன்ன ஊர்களில் இரண்டை மட்டும் இணைக்கிறார்கள், அங்கே உண்மையிலேயே ஆள் வரவில்லை. மற்றவை நிற்கும். காலை ஷிப்டுக்குப் போகிறவர்களுக்காக விடியலிலேயே திறக்கவும் சொல்லியிருக்கிறார்கள், கூட ஓர் ஆள் போடுவார்கள். உனக்கு இனி காலைத் தூக்கம் போச்சு. நீ கத்துவதைப் பற்றி ரிப்போர்ட்டில் ஒரு வரி இருப்பதாகக் கேள்வி. நான் படிக்கவில்லை, அது என் ஃபைல் இல்லை.

கூட்டத்தில் துளசிராமன் சார், முதல் முறை நாம் பொய்யான பதில் வாங்கி வரவில்லை, அவர்களால் சொல்ல முடியாததைச் சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டோம் என்றார். அடுத்த வருஷத்திலிருந்து மாவட்டம் முழுக்க வீட்டைக் கேட்காமல் தெருவைக் கேட்கிற கேள்வி ஒன்று சேர்க்கப் போகிறோம். நாம் மழையில் கண்டுபிடித்தது, ஏஞ்சல். இத்தனை வருஷம் கழித்து ஆபீஸ் தாளில் ஏறியிருக்கிறது.

இது உத்தியோகச் சேதி. இனி எழுதப்போவதற்குத்தான் இந்தக் கடிதம்.

உத்தரவு வந்த அன்றைக்குச் சந்தோஷம் தாங்காமல் அம்மாவிடம் கதை முழுக்கச் சொன்னேன். தமிழ்செல்வி, அவள் மாமியார், எல்லாம். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அந்தப் பேச்சோடு பேச்சாக, நாமிருவரும் செவ்வாப்பேட்டையில் சோறு மாற்றித் தின்றதையும் சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டுத்தான் பயந்தேன். அம்மா தலை நிமிரவே இல்லை.

"தெரியும்" என்றார்.

எப்படித் தெரியும் என்றேன்.

"தயிர்சாத டப்பாவுக்கு எதுக்குடி சோப்பு? தண்ணி ஊத்தி அலசினா போறாதா? தெனமும் டப்பா மூடியத் தொறந்தா லைபாய் வாசனை அடிக்கும். அதுக்குள்ள பூண்டு வாசனை ஒளிஞ்சிக்கினு இருக்கும்."

ஏன் கேட்கவில்லை என்றேன். கேட்டிருந்தால் நான் வேண்டாம் என்றுதானே சொல்ல வேண்டியிருக்கும், சொன்னால் நீ சாப்பிடாமல் இருந்திருப்பாய், அதனால் கேட்கவில்லை என்றார். அக்கம்பக்கத்தில் மட்டும் எம்பொண்ணு வெளியில பச்சத் தண்ணி தொடாது என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம்.

பிறகு கீரைக் காம்புகளைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னார்: "நீ அவ குழம்பத் தின்னா, என் தயிர்சாதத்த அந்தப் பொண்ணுதான தின்னணும்? வெறும் தயிர்சாதத்த வெயில்ல நடந்துட்டு வந்து எப்பிடித் தின்னும்? அதான் மாங்கா ஊறுகா வெச்சேன்."

உன் கர்த்தர் சொல்லி வைத்ததில்லை, ஏஞ்சல். ஆர்.கே.பேட்டை ஈஸ்வரி அம்மா உனக்கென்று வைத்தது. இதை எழுதும்போதே கண் மறைக்கிறது.

அம்மா இன்னும் ஒன்று கேட்டார். அந்தக் காரக்குழம்பில் கங்கம்மா என்ன போடுவார் என்று கேட்டார். நான் தெரியாது என்றேன். உன்னிடம் கேட்டு எழுதச் சொன்னார். வரும் ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து கேட்கட்டுமா? இப்போது ஃபைல் முடிந்துவிட்டது. உன் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட எனக்குத் தடை இல்லை.

அருணா


கும்மிடிப்பூண்டி
18.9.2025

அடியே அருணா,

உன் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஊறுகாய் வந்த இடத்தில் இரண்டு தரம் வாசிக்கச் சொன்னது. மூன்றாவது தரம் என்னாலேயே வாசிக்க முடியவில்லை.

குழம்பில் என்ன போடும் என்று கேட்டதற்கு, "அத எழுதி அனுப்பினா வராது, ஆக்கி அனுப்பினாத்தான் வரும்" என்கிறது. வெந்தயத்தை வறுத்துப் போடும், அது மட்டும் எனக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை வா. நான் காலை ஆராதனை முடிந்து வந்துவிடுவேன். கத்திரிக்காய் வாங்கியாகிவிட்டது. அந்தப் பழைய எவர்சில்வர் டப்பா இருக்கிறதா, தேய்ந்தே போய்விட்டதா? இருந்தால் ஈஸ்வரி அம்மாவிடம் சொல்லி அதில் தயிர்சாதமும் ஊறுகாயும் போட்டு எடுத்துக்கொண்டு வா. அதை நான் தின்பேன். போகும்போது அதே டப்பாவில் உன் அம்மாவுக்கென்று எங்கள் அம்மா குழம்பு ஊற்றித் தரும்.

சோப்பு கொண்டுவராதே.

ஏஞ்சல்